டீச்சரிடம் கேளுங்கள்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர், குமரி மாவட்டத்து வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: மணல் எடுக்க வரப்போகிறார்கள் என்று ஊரே பேசுகிறது. புற்றுநோய்க்கு இந்த மணல்தான் காரணம் என்கிறார்கள். நீங்கள் சயின்ஸ் படித்தவர். மணலில் அப்படி என்னதான் இருக்கிறது? நாங்கள் பயப்பட வேண்டுமா?
(வாசகி, இனயம் புத்தன்துறை)

கருமணலை நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஆனி, ஆடி அலை அடித்து ஓய்ந்தால் கரையில் கறுப்புக் கறுப்பாய்ப் பட்டை விழுந்து கிடக்கும். ஈரக்காலில் ஒட்டினால் அடுக்களை வரை வந்துவிடும். அலை லேசான வெள்ளை மணலை வாரிக்கொண்டு போய்விடுகிறது, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. அதன் பெரும்பகுதி இல்மனைட் என்ற கனிமம். கூடவே ரூட்டைல், சிர்கான், கார்னெட், கொஞ்சம் மோனசைட். கதிர்வீச்சு என்று நாம் பேசுவதெல்லாம் அந்த மோனசைட்டில் இருக்கும் தோரியத்தைப் பற்றித்தான். சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் அதில்தான் இருக்கின்றன. இன்றைக்கு மின்சாரக் கார் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் நியோடிமியக் காந்தம் வேண்டும் என்பதால் இந்த மணலுக்குத் தேவை ஏறியிருக்கிறது.

இதைத் தேடி வருகிறவர்களும் புதிது இல்லை. 1909-ல் நம் கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் மோனசைட்டை அடையாளம் கண்டார். மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது அதன் தொடர்ச்சியாக. அப்போது தோரியம் தேவைப்பட்டது விளக்கு மேண்டிலுக்கு. கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் பெட்ரோமாக்ஸ் எரிந்ததே, அந்த வெள்ளை வெளிச்சத்தில் நம் ஊர் மண்ணும் கலந்திருந்தது.

சரி, பயப்பட வேண்டுமா? எனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்கிறேன். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் 2009-ல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். இயற்கையாக உள்ள கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடுதலாக வருவதாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. உங்கள் போராட்டத்துக்கு இது உதவாதே என்று நினைக்காதீர்கள். உங்கள் பக்கம் வேறு வலுவான நியாயங்கள் இருக்கின்றன. நாளைக்கு ஓர் அதிகாரி இந்த ஆய்வை எடுத்து மேசைமேல் போட்டால் நீங்கள் வாயடைத்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன்.

மணல்மேல் குடியிருப்பது ஒன்று, அதைத் தோண்டி அள்ளிப் பிரிப்பது வேறொன்று. தோண்டினால் தூசு பறக்கும். கடலுக்கும் நம் கிணற்றுக்கும் நடுவில் மழைத்தண்ணீரைப் பிடித்துவைப்பது இந்த மணல்மேடுதான், அது போனால் கிணற்றில் உப்பு ஏறும். தெங்கு காயும். கரை அரிப்பைத் தடுக்க ஏற்கெனவே கல் போட்டுக் கல் போட்டு வள்ளம் ஏற்ற இடமில்லாமல் நிற்கிறோம். கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்க ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கேட்டிருப்பதோ 1,144 ஹெக்டேர். அங்கே வீடு, பள்ளிக்கூடம், குருசடி, கல்லறைத்தோட்டம் எல்லாம் இருக்கிறது.

நான் இந்தச் சுரங்கத்தை எதிர்க்கிறேன். 2024 அக்டோபர் 1-ல் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், மோனசைட் போன்ற அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்தைக் கேட்கவே தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது. தமிழக முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மணவாளக்குறிச்சி ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீர்க் கணக்கு, காற்றுத் தூசின் கணக்கு, கதிர்வீச்சு அளவு, கரை எவ்வளவு உள்வாங்கியது என்ற கணக்கு, இவற்றையெல்லாம் ஆண்டுவாரியாகத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நல்ல கணக்கு என்றால் காட்ட என்ன தயக்கம்? ஜனங்களிடம் கேட்காமல் செய்வதை வளர்ச்சி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: டீச்சர், பிராக்டிகலில் யாருக்கும் சரியான விடை வருவதில்லை. எல்லாரும் போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறோம், மார்க்கும் வந்துவிடுகிறது. போதாக்குறைக்குக் கேட்டவுடன் ஏ.ஐ. பதில் சொல்லிவிடுகிறது. பிறகு எதற்கு லேப்?
(பிளஸ் டூ மாணவன், தக்கலை)

மோனே, இப்படி நேராகக் கேட்டதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். உனக்கு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

தனி ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 9.8 வர வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், எல்லா நோட்டிலும் 9.8 வந்திருந்தது. ஒரே ஒருத்தி 9.41 என்று எழுதியிருந்தாள். பக்கத்துப் பிள்ளைகள் "அழிச்சு மாத்துடீ" என்று கிசுகிசுக்கிறார்கள். அவள் மாற்றவில்லை. "எனக்கு இதுதான் டீச்சர் வருது" என்றாள். நானும் அவளும் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து பார்த்தோம். நேரத்தை இருபது ஆட்டத்துக்கு எண்ணியிருந்தாள், சரியாக இருந்தது. அப்புறம் ஸ்கேலை நூலோடு சேர்த்துப் பிடித்தபோது பிடிபட்டது. நூல் கட்டிய கொக்கி வரைதான் அளந்திருக்கிறாள், 48 சென்டிமீட்டர். குண்டின் நடுப்புள்ளி வரை அளந்தால் 50. அந்த இரண்டு சென்டிமீட்டரைச் சேர்த்துக் கணக்குப் போட்டாள், 9.8 வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். 9.8 என்று பார்த்து எழுதிய மற்ற யாருக்கும் நீளத்தை எதுவரை அளக்க வேண்டும் என்பது கடைசிவரை தெரியாது.

இதையே பெரிய அளவில் செய்தவர்கள் நம் மாவட்டத்துக்காரர்கள். 2019-ல் சந்திரயான்-2 லேண்டர் நிலாவில் மோதி விழுந்தபோது இஸ்ரோ தலைவராக இருந்தவர் நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளையில் பிறந்த கே.சிவன். ஏன் விழுந்தது என்று ஆராய்ந்த நிபுணர் குழுவின் தலைவர் மேலகாட்டுவிளையைச் சேர்ந்த வி.நாராயணன், 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானாரே, அவர்தான். இரண்டு பேரும் கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்தவர்கள். எங்கே தவறியது என்று ஒளிக்காமல் தோண்டிப் பார்த்ததால்தான் 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 கால் மடங்காமல் இறங்கியது. அங்கே யாராவது 9.8 என்று பார்த்து எழுதியிருந்தால் அதுவும் போய் மோதியிருக்கும்.

ஏ.ஐ.யைக் கேள், நன்றாகக் கேள். ஆனால் உன் கையில் இருக்கிற நூல் எவ்வளவு நீளம் என்று அதற்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு என்று வைத்தும் பல பள்ளிகளில் தேர்வு நெருங்கும்போதுதான் ஆய்வகக் கதவு திறக்கிறது. குற்றம் உன்னுடையது இல்லை, எங்களுடையது. நீ போய் லேப் திறக்கச் சொல்லிக் கேள். கேட்கிற பிள்ளையை எந்த வாத்தியாரும் உள்ளுக்குள் வெறுக்க மாட்டார்.

கேள்வி: சந்திர கிரகணத்தன்று கர்ப்பிணிகள் வெளியே வரலாமா, சாப்பிடலாமா?
(வாசகி, திங்கள்சந்தை)

வரலாம். பசித்தால் சாப்பிடவும் வேண்டும், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். பூமியின் நிழல் நிலாமேல் விழுகிறது, அவ்வளவுதான். 2025 செப்டம்பர் 7 ராத்திரி முழுக் கிரகணம் வந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகளை மொட்டைமாடியில் உட்காரவைத்துச் செம்பு நிறத்தில் நிலாவைக் காட்டினேன். கூட இருந்த கர்ப்பிணி மருமகளுக்கு அவல் நனைத்துக் கொடுத்தோம். சூரிய கிரகணத்தை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, அது கண்ணைக் கெடுத்துவிடும்.

கேள்வி: மூன்றாவது மொழி படித்தால் பிள்ளைக்கு நல்லதுதானே? ஏன் இத்தனை எதிர்ப்பு?
(வாசகர், களியக்காவிளை)

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மூன்று மொழி ஏற்கெனவே தெரியுமே. பாறசாலை போகிற பஸ்ஸில் ஏறி இறங்கியே மலையாளம் படித்துவிடுகிறார்கள். பிள்ளை எத்தனை மொழி கற்றாலும் எனக்குச் சந்தோஷம். இந்தி வேண்டுமென்றால் படிக்கட்டும், யாரும் தடுக்கவில்லை.

நான் எதிர்ப்பது வற்புறுத்தலை. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, மூன்று மொழி கேட்கிற தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட்டு நிறுத்திவைத்தார்கள். அது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சிறப்பு ஆசிரியருக்குச் சம்பளம் போகிற பணம், வருமானம் இல்லாத வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தில் படிப்பதற்குக் கட்டுகிற பணம். கொள்கையில் சண்டை இருந்தால் பெரியவர்கள் டெல்லியில் சண்டை போடட்டும், பிள்ளைகளின் பணத்தைப் பிடித்துவைப்பது தப்பு.

அதே நேரத்தில் நம் அரசிடமும் ஒன்று சொல்வேன். விளவங்கோடு பக்கம் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் தமிழ் படிக்க வேண்டும், படிக்கட்டும், தமிழ்நாட்டில் வாழத் தமிழ் வேண்டும். ஆனால் அவர்களுடைய தாய்மொழிக்கும் ஆசிரியர் பணியிடம் காலியில்லாமல் இருக்க வேண்டும். தமிழ் பேசினோம் என்பதற்காகத் திருவிதாங்கூரில் நம் ஆட்கள் பட்டது கொஞ்சமா? 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டு, 1956 நவம்பர் 1-ல் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தோம். அந்த வலி தெரிந்த நாம் இன்னொரு சின்னக் கூட்டத்துப் பிள்ளையின் மொழியைக் கவனிக்காமல் விடலாமா?

கேள்வி: ஒக்கி வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு அப்படி ஒரு புயல் வந்தால் தப்பிப்போமா?
(ஆழ்கடல் மீனவர், தூத்தூர்)

2017 நவம்பர் 29 ராத்திரி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் புயலாகிவிட்டது. அவ்வளவு வேகத்தில் திரண்ட புயல் அது. உங்கள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் அதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே சுறா, சூரைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். ரேடியோவில் சொன்ன எச்சரிக்கை அவர்கள் இருந்த தூரத்தை எட்டவில்லை. கரையிலிருந்து வி.எச்.எப். ரேடியோ சில பத்து கிலோமீட்டர்தான் போகும், உங்கள் தொழிலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்.

அப்புறம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி சேர்க்கிற கருவிகள் வந்திருக்கின்றன. இஸ்ரோ செய்த டிரான்ஸ்பாண்டரைப் படகுகளில் பொருத்துகிறார்கள். நல்ல காரியம். அதை அணைத்துப் போடாமல் வைத்திருங்கள், கேலியாக அல்ல, உங்கள் வீட்டுப் பெண்கள் சார்பில் கெஞ்சிக் கேட்கிறேன். அதே சமயம் அரசும் ஒன்று செய்ய வேண்டும். எந்தப் படகு, எந்த நாள், எத்தனை பேரோடு போனது என்ற பதிவு ஒவ்வொரு துறைமுகத்திலும் அன்றன்றைக்கே இருக்க வேண்டும். ஒக்கியின்போது காணாமல்போனவர்கள் எத்தனை பேர் என்று பங்குக் கோயில்களில் எழுதிய பட்டியல் ஒன்று, அதிகாரிகள் சொன்ன எண் இன்னொன்று. வீட்டுக்கு வராத ஆளை எண்ணவே ஓர் அரசால் முடியவில்லை என்றால் அவனைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? பூத்துறையில் ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மகனுடைய ஆதார் அட்டையை ஞானஸ்நானச் சான்றிதழோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார்கள். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவதற்கு.

கேள்வி: படிப்பில் முதல் மாவட்டம் என்று பீற்றிக்கொள்கிறோம். படித்தவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்களே?
(வாசகர், குலசேகரம்)

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், மாநில சராசரி 80 சொச்சம். அதில் நான் பெருமைப்படுகிறேன், ஏனென்றால் அது தானாக வந்தது இல்லை. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே கோயிலும் பள்ளிக்கூடமும் தொடங்கிய காலத்தில் நம் பாட்டிமார் மேலாடை உடுத்தவே அனுமதி இல்லாத ஊர் இது. 1859-ல்தான் உடுத்தலாம் என்ற உத்தரவு வந்தது. அந்தப் பெண்களின் பேத்திகளின் பேத்திகள்தான் இன்றைக்கு நர்ஸாகவும் டீச்சராகவும் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊர் ரப்பரையே எடுங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டி, சிரட்டையில் பிடித்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் நசுக்கி, புகையில் காயவைத்து, ஷீட்டாக லாரியில் ஏற்றுகிறோம். லாபம் இருக்கிற வேலை லாரி ஏறினபிறகுதான் தொடங்குகிறது. ரப்பர் பூங்கா வரும் என்ற பேச்சைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சிலையும் பாலமும் கேட்பதைவிட இதைக் கேளுங்கள். கண்ணாடிப் பாலத்தில் நடக்கப் பிள்ளைகளுக்கு ஆசைதான், நானும் நடந்தேன், அழகாக இருக்கிறது. ஆனால் பாலிடெக்னிக் முடித்த பிள்ளைக்குக் குலசேகரத்திலேயே வேலை வேண்டும்.

கேள்வி: தொகுதி மறுசீரமைப்பில் நம் எம்.பி. சீட்டு போய்விடுமா?
(வாசகர், நாகர்கோவில்)

மாவட்டத்துக்கு இருப்பதே ஒன்று. அதைவிடப் பெரிய விஷயம் மாநிலத்தின் பங்கு. மக்களவையின் 543 இடங்களில் நமக்கு 39. 1971 மக்கள்தொகையை வைத்துப் பிரித்த அந்தப் பங்கை 1976-ல் உறையவைத்தார்கள், 2001-ல் 2026-க்குப் பிந்தைய கணக்கெடுப்பு வரை நீட்டினார்கள். பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதுதான் காரணம். இந்தக் காரணம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. தலைகளை மட்டும் எண்ணிப் பங்கு போடுவது அநியாயம், அதில் கட்சி பார்க்காமல் நம் மாவட்டம் ஒரே குரலில் பேச வேண்டும்.

கேள்வி: இங்கே ஓட்டே மதத்தையும் சாதியையும் வைத்துத்தான். மாற வழியே இல்லையா?
(வாசகி, குளச்சல்)

நீங்கள் மண்டைக்காட்டுக்குப் பக்கத்து ஊர். 1982-ல் அங்கே நடந்த மதக் கலவரத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். அன்றைக்குக் குன்றக்குடி அடிகளார் வந்து இரண்டு பக்கத்து ஆட்களையும் உட்காரவைத்துப் பேசினாரே, அதனால் அடங்கிய நெருப்பு அது. அவர் மாதிரி பெரியவருக்காகக் காத்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் தொடங்க வேண்டும்.

பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் கூடப்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள். அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆசிரியர் அறைதான் நினைவுக்கு வந்தது. புதிதாக ஒரு டீச்சர் மாறுதலில் வந்தால் "வீடு எங்கே, எந்தக் கோயிலுக்குப் போறீங்க" என்று கேட்டு ஆளை எடைபோட்டுவிடுவார்கள். பிள்ளைகள் இதையெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வகுப்பில் ஆய்வுக் குழு பிரிக்கும்போது நான் வருகைப்பதிவேட்டு வரிசையில்தான் பிரிப்பேன், தோழி தோழியோடு சேர விடமாட்டேன். கடற்கரைப் பிள்ளையும் மலையோரப் பிள்ளையும் ஒரே பியூரெட்டைப் பிடித்தாக வேண்டும். முதல் வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருப்பார்கள். ஆடிக்கு முன்னால் மரச்சீனியும் நெத்திலிக் கறியும் டிபன்பாக்ஸ் மாறிவிடும்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. நீட் கோச்சிங்குக்கு இப்போதே சேர்த்துவிடச் சொல்கிறார்கள். சேர்க்கட்டுமா?
(தாய், மார்த்தாண்டம்)

வேண்டாம் மக்களே. பதினொரு வயதுப் பிள்ளை சாயங்காலம் ஓடி விளையாட வேண்டும். நீட் எனக்குப் பிடிக்காத தேர்வு. இரண்டாவது, மூன்றாவது முறை எழுதப் பணம் கட்ட முடிகிறவருக்கே அது வசதியாக இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இல்லையென்றால் நிறைய வீட்டில் டாக்டர் என்ற சொல்லே கேட்டிருக்காது. மகள் அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தால்தான் அந்த ஒதுக்கீடு கிடைக்கும், பள்ளி மாற்றுமுன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோச்சிங்குக்குக் கட்டப்போகிற பணத்தில் ஒரு நல்ல லென்ஸும் ஒரு வெப்பமானியும் வாங்கிக் கொடுங்கள். அப்புறம் உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலானோர் பெற்றோர்தான், நீங்களும் போய் உட்காரலாம். அடுத்த கூட்டத்தில் அறிவியல் ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் திறந்தார்கள் என்று கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.